எலும்பு கிடைக்கவில்லை என்றால் முதலில் மண்ணைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெப்பமண்டல மழைக்காட்டில் நடந்த அகழாய்வு ஒன்றைப் பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பிதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பானை ஓடுகளைப் பற்றியும் அடுப்புக் கரியைப் பற்றியும் நல்ல விவரத்தோடு எழுதியிருந்தார்கள். ஆனால் நடுவில் ஒரு வரி என்னை உறுத்திவிட்டது. விலங்கு எலும்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை, ஆகவே அங்கே வாழ்ந்தவர்கள் கால்நடை வளர்க்கவுமில்லை, வேட்டையாடவுமில்லை என்று முடிவு கட்டியிருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீண்ட கடிதம் எழுதுகிறேன்.

நான் ஆராய்ச்சியாளன் அல்லன். கல்லூரி ஒன்றின் விலங்கியல் ஆய்வகத்தில் முப்பத்தொரு ஆண்டு உதவியாளனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மாணவர்கள் படிக்கிற எலும்புக்கூடுகளைத் தயார் செய்வது என் பொறுப்பு. இறந்த நாய், பூனை, ஆடு, முயல், கன்று என்று எது வந்தாலும் தோலை உரித்து, சதையை முடிந்த மட்டும் கழித்து, நைலான் வலையில் பொதிந்து புதைப்பேன். சில மாதம் கழித்துத் தோண்டி எடுத்து, கழுவி, கொழுப்பை நீக்கி, கம்பி கோத்து நிறுத்துவேன். ஒரு நாயின் உடம்பில் ஏறக்குறைய 320 எலும்புகள். மணிக்கட்டிலும் விரல்களிலும் வால் நுனியிலும் இருக்கிற பொடி எலும்புகள் வலை இல்லாவிட்டால் மண்ணோடு போய்விடும். அதனால் வலை கட்டாமல் நான் எதையும் புதைத்ததே இல்லை. அந்தப் பழக்கம்தான் பிற்பாடு எனக்கு ஒரு பெரிய பாடத்தைச் சொல்லிக் கொடுத்தது.

பிறந்து சில நாளே ஆன கன்று ஒன்றை ஒருமுறை புதைத்தோம். இடம், கல்லூரிக்குப் பின்னால் இருந்த செம்மண் சரிவு. மழை பெய்தால் தண்ணீர் ஒரு நாழிகை நிற்காது, வடிந்துவிடும். மூன்றரை அடி ஆழம், தலைமாட்டில் ஓர் அடையாளக் கல். அந்த ஆண்டு பாடத்திட்டம் மாறியது, கன்றின் எலும்புக்கூடு தேவைப்படவில்லை, அப்படியே விட்டுவிட்டோம். பத்தொன்பது ஆண்டு கழித்துக் குழாய் பதிக்க அந்தச் சரிவைத் தோண்டப் போகிறார்கள் என்றதும், எடுத்துவிடலாம் என்று மண்வெட்டியோடு போனேன்.

மூன்றடிக்குக் கீழே மண்ணின் நிறம் மாறியது. சுற்றிலும் செங்கல் சிவப்பு, நடுவில் மட்டும் ஒரு பழுப்புக் கறை, கன்று சுருண்டு படுத்த அளவுக்கு. கொத்துக்கரண்டியால் மெல்லச் சுரண்டினேன். வலை தெரிந்தது. முடிச்சு நான் போட்டபடியே இருந்தது, ஒரு கண்ணி அறுந்திருக்கவில்லை. தூக்கினால் கனமே இல்லை. உள்ளே ஈர மண்தான். மேஜையில் வைத்து நீர் விட்டுச் சலித்தபோது பதினொரு பல் உறைகள் கிடைத்தன. பல் என்று சொல்ல முடியாது. வேர் இல்லை, உள்ளே இருக்கிற பல்திசு இல்லை, வெளிப்புற எனாமல் மட்டும் சின்னஞ்சிறு கிண்ணம் போல வெற்றாக இருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் விரலின் நிழல் மறுபக்கம் தெரிந்தது. ஒன்றைச் சற்று அழுத்திப் பிடித்ததில் நொறுங்கிவிட்டது.

அப்போதைய துறைத் தலைவரிடம் ஓடினேன். "சார், வலை கிழியலை. உள்ளே கன்னுதான் இல்லை" என்றேன். அவர் வந்து பார்த்தார். "நரி கிரி தோண்டியிருக்குமோ?" என்றார். "முடிச்சு போட்டபடி இருக்கு சார்" என்று காட்டினேன். வெகுநேரம் அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "வேதியியல் துறையில போயி இந்த மண்ணோட அமிலத்தன்மையைப் பார்த்துட்டு வாப்பா" என்று அனுப்பினார். பி.எச். அளவு 4.8 என்று வந்தது. பி.எச். ஏழு என்றால் நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்.

அந்தக் குழியில் வலை இல்லாமல் இருந்து, வேறு யாராவது தோண்டியிருந்தால் என்ன எழுதியிருப்பார்கள்? இங்கே விலங்கு எதுவும் புதைக்கப்படவில்லை என்றுதான் எழுதியிருப்பார்கள். அதைப் புதைத்த நானே உயிரோடு இருக்கும்போது!

எலும்பு எதனால் ஆனது என்பதை முதலாண்டு மாணவர்களுக்கு இரண்டே எலும்பை வைத்துக் காட்டுவோம். ஒரு கோழிக்கால் எலும்பை நீர்த்த அமிலத்தில் சில நாள் ஊறப் போட்டால், சுண்ணாம்புச் சத்தெல்லாம் கரைந்து ரப்பர் போலாகிவிடும், முடிச்சே போடலாம். மிச்சம் இருப்பது கொலாஜன் என்கிற புரத நார். இன்னொன்றை நெருப்பில் நன்றாக எரித்தால் நார் போய்விடும். வடிவம் அப்படியே இருக்கும், தொட்டால் உதிரும். எடைக்கணக்கில் எலும்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கால்சியம் பாஸ்பேட் வகைத் தாது. மீதியில் பெரும்பகுதி கொலாஜன், கொஞ்சம் நீர். தாதுத் துகள்கள் நாருக்குள் மிக நெருக்கமாகப் பொதிந்திருப்பதால், நாரைத் தின்னும் நுண்ணுயிர்களின் நொதிகள் எளிதில் உள்ளே நுழைய முடியாது. தாதுவைச் சுற்றி நார் பின்னியிருப்பதால் நீரும் அதைச் சுலபமாக அரிக்க முடியாது. ஒன்றுக்கு ஒன்று காவல். ஒன்று விழுந்தால் மற்றது நிற்காது. வெப்பமண்டலச் செம்மண்ணில் இரண்டு காவலும் ஒரே காலத்தில் தாக்கப்படுகின்றன.

அமிலம் எங்கிருந்து வருகிறது? ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பெய்யும் கனமழை மண்ணிலுள்ள கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் போன்றவற்றைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. எஞ்சி நிற்பவை இரும்பு, அலுமினியம் ஆக்சைடுகள். சிவப்பு நிறம் அந்த இரும்பால் வந்தது. இலைகுப்பை வேகமாக மக்குவதாலும் வேர்கள் மூச்சு விடுவதாலும் மண்ணுக்குள் கரியமில வாயு நிறைகிறது. அது நீரில் கரைந்து மென்மையான அமிலமாகிறது. எலும்பின் தாது நடுநிலையான அல்லது சற்றே காரமான மண்ணில் பெரும்பாலும் கரையாமல் கிடக்கும். பி.எச். 6-க்குக் கீழே போகப் போக அதன் கரைதிறன் வேகமாக ஏறும். பி.எச். அளவில் ஒரு படி இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அமிலத்தை மட்டும் சொல்லி நிறுத்தினால் பாதி உண்மைதான். நீர் நகர்கிறதா, நிற்கிறதா என்பது அதே அளவுக்கு முக்கியம். உப்புக் கல்லை ஒரு டம்ளர் நீரில் போட்டால் ஓரளவு கரைந்ததும் நீர் நிறைந்துவிடும், அதற்கு மேல் கரையாது. அதே கல்லை ஓடும் குழாயடியில் வைத்தால் ஒன்றும் மிஞ்சாது. மண்ணிலும் அப்படியே. எலும்பைச் சுற்றி நீர் அசையாமல் நின்றால் அது கால்சியத்தாலும் பாஸ்பேட்டாலும் நிறைவடைந்து, கரைவது ஏறக்குறைய நின்றுபோகும். ஒவ்வொரு மழைக்கும் புது நீர் வந்து, வடிந்து, காய்ந்து, மறுபடி வருகிற சரிவு நிலத்தில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகும். நாங்கள் கன்றைப் புதைத்த இடம் அப்படிப்பட்டது. தண்ணீர் தேங்காத நல்ல இடம் என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவன் நான்தான்.

அடுத்தது வெப்பம். குளிர் நாட்டில் ஆண்டில் பல மாதம் மண் உறைந்தோ குளிர்ந்தோ கிடக்கும், நுண்ணுயிர்களின் வேலை மந்தமாகும். வெப்பமண்டலத்தில் அந்த ஓய்வு இல்லை. எலும்பில் நுண்ணுயிர்கள் குடைகிற சுரங்கங்களை வியன்னாவில் கார்ல் வெட்ல் என்பவர் 1864-லேயே நுண்ணோக்கியில் பார்த்து எழுதிவிட்டார், இன்றும் அவர் பெயரால்தான் ஒருவகைச் சுரங்கத்தை அழைக்கிறார்கள். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய குழாய்கள் அவை. வெளியில் வழுவழுப்பாகத் தெரியும் எலும்பை வெட்டித் தேய்த்துப் பார்த்தால் உள்ளே சல்லடையாக இருக்கும். நுண்ணுயிரே இல்லாவிட்டாலும் வெப்பம் கொலாஜனை வேதியியல் முறையில் துண்டுதுண்டாக்கிக்கொண்டே இருக்கும். டி.என்.ஏ. இன்னும் மென்மையானது. நியூசிலாந்தில் அழிந்துபோன மோவா பறவையின் 158 எலும்புகளை ஆராய்ந்து 2012-இல் வெளியான கணக்கின்படி, சராசரி 13.1 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் டி.என்.ஏ.யின் ஒரு குறிப்பிட்ட துண்டு பாதியாகக் குறைய 521 ஆண்டுகள் ஆகின்றன. அது குளிர்ந்த இடத்துக் கணக்கு. ஆண்டு முழுவதும் 25 டிகிரிக்கு மேலேயே இருக்கிற மண்ணில் சிதைவு இதைவிடப் பல மடங்கு வேகமாக நடக்கும்.

வேரையும் கரையானையும் மறக்கக் கூடாது. நான் எடுத்த எலும்புகளில் பாதிக்கு மேல் வேர்த்தடம் பார்த்திருக்கிறேன். நுண்வேர் எலும்பின் மேல் படர்ந்து, தன் அமிலத்தால் அரித்து, கிளை விரிந்த கோடாக ஒரு கோலம் போட்டுவிட்டுப் போயிருக்கும். பழக்கமில்லாதவர் கத்திக் கீறல் என்று நினைத்துவிடுவார். கத்திக் கீறல் நேராகவும் உள்ளே கூர்மையாகவும் இருக்கும். வேர்த்தடம் வளைந்து போகும், அடி உருண்டையாக இருக்கும். கரையான் எலும்பின் மேல் மண்ணைப் பூசிக்கொண்டு ஓரங்களைக் கொறித்து வைத்திருக்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டு வெப்பமண்டலத்தில் எந்த எலும்பும் நிற்காது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அதுவும் தவறு. அதே வளாகத்தில் பழைய சுண்ணாம்புக் குழி ஒன்று இருந்தது. கட்டட வேலை முடிந்து மூடிய இடம். கன்றைப் புதைத்த அதே ஆண்டில் அங்கே ஒரு பெரிய நாயைப் புதைத்திருந்தேன். கன்று காணாமல் போனதைப் பார்த்த மறுவாரமே அதையும் தோண்டினேன். தாடை, விலா, முதுகெலும்பு, வால் நுனியின் கடைசி மணி வரை அத்தனையும் இருந்தன. காயவைத்துத் தட்டினால் டங்கென்று ஒலித்தது. அங்கே பி.எச். 7.9. கன்றும் நாயும் ஒன்றல்ல, வயதும் ஒன்றல்ல என்பதால் இதைச் சரியான சோதனை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு குழிக்கும் இடையே நூறு அடி தூரம்கூட இல்லை, ஒரே வெயில், ஒரே மழை.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தால் எலும்பு கரைந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நடப்பது நேர்மாறு. சுண்ணாம்பு நாற்றத்தை அடக்கும், சிதைவைத் தாமதப்படுத்தும், மண்ணின் அமிலத்தை முறித்து எலும்பைக் காக்கும். சுண்ணாம்புக் கல் குகைகளிலும் சிப்பிக் குவியல்களிலும் எலும்புகள் நிலைப்பதற்கும் இதே காரணம்தான். போர்னியோ தீவில், சரவாக்கில் உள்ள நியா பெருங்குகை அடர்ந்த மழைக்காட்டுக்கு நடுவில்தான் இருக்கிறது. அங்கே 1958-இல் கிடைத்த மண்டையோடு ஏறத்தாழ நாற்பதாயிரம் ஆண்டு பழமையானது. காட்டுப்பன்றி, குரங்கு எலும்புகளும் அந்தக் குகையில் ஏராளம். அதற்கு நேரெதிர் எடுத்துக்காட்டு, நைஜீரியாவில் பழங்காலத்தில் இருந்த நோக் பண்பாடு. அற்புதமான சுடுமண் உருவங்கள் கிடைத்தன, இரும்பு உருக்கிய உலைகள் கிடைத்தன, ஆனால் அமில மண் எலும்பை விட்டுவைக்கவில்லை. நோக் மக்கள் எந்த விலங்கை வைத்திருந்தார்கள் என்பதை எலும்பைக் கொண்டு சொல்லுவது அதனாலேயே அவ்வளவு கடினமாக இருக்கிறது. அவர்களிடம் விலங்கே இல்லை என்று விவரம் தெரிந்தவர் யாரும் எழுதமாட்டார்.

கரிசல் மண் இன்னொரு விதம். பெரும்பாலும் காரத்தன்மை கொண்டது, சுண்ணாம்புக் கட்டிகள் கிடக்கும், எலும்பு கரையாது. ஆனால் மழையில் ஊதி, வெயிலில் வெடித்து, எலும்பை நசுக்கிப் பிளந்து வேறு ஆழத்துக்கு இழுத்துவிடும்.

குளக்கரைச் சேற்றில் ஒருமுறை ஆட்டின் தொடை எலும்பை எடுத்தேன். காற்றுப் புகாத கறுப்புக் களி. எலும்பின் மூட்டுப் பள்ளத்தில் வெண்மையாக ஏதோ மாவு போல ஒட்டியிருந்தது. கழுவாமல் தட்டில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தபோது அந்த வெள்ளை லேசாக நீலம் பூத்திருந்தது. மறுநாள் காலையில் நல்ல நீலம். எலும்பிலிருந்து வந்த பாஸ்பேட்டும் சேற்றிலிருந்த இரும்பும் சேர்ந்து உண்டான விவியனைட் என்கிற தாது அது. மண்ணுக்குள் நிறமில்லாமல் இருந்து, காற்றும் ஒளியும் பட்டதும் நீலமாகும். இத்தனை ஆண்டு வேலையில் அதைப் பார்த்தது அந்த ஒரே முறைதான். இப்போது நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது.

எலும்பு புதையாமல் வெளியில் கிடந்தால் கதை இன்னும் வேகம். கென்யாவின் அம்போசெலி சமவெளியில் கிடந்த விலங்கெலும்புகளைக் கவனித்து, கே பெரன்ஸ்மெயர் என்ற ஆய்வாளர் 1978-இல் சிதைவை ஆறு படிகளாகப் பிரித்துக் காட்டினார். பெரும்பாலான எலும்புகள் பத்து முதல் பதினைந்து ஆண்டில் அடையாளம் தெரியாமல் போய்விடுகின்றன என்றும், குட்டிகளின் எலும்பும் சிறிய விலங்குகளின் எலும்பும் முந்திக்கொள்கின்றன என்றும் எழுதினார்.

எல்லா எலும்பும் ஒரே வேகத்தில் போவதில்லை என்பதுதான் கட்டுரையாளர்கள் மிகவும் கவனிக்க வேண்டிய இடம். முன்னங்கால் மேலெலும்பை எடுத்துக்கொள்ளுங்கள். தோள்பக்க முனை கடற்பஞ்சு போன்றது, வளர்ச்சி முடிந்து ஒட்டுவதும் தாமதம். முழங்கைப் பக்க முனை கெட்டியானது. நமீபியாவில் மேய்ப்பர் குடியிருப்புகளில் கிடந்த ஆட்டு எலும்புகளை சி.கே. பிரெய்ன் என்ற ஆய்வாளர் 1960களில் பொறுக்கி எண்ணினார். முழங்கைப் பக்க முனை 82 இருந்தது, தோள்பக்க முனை ஒன்றுகூட இல்லை. அங்கே அழித்தது நாய்ப் பற்கள், மண் அல்ல. ஆனாலும் கெட்டியானது நிற்கும், பஞ்சு போன்றது போகும் என்கிற விதி இரண்டுக்கும் பொது. மீன் எலும்பும் பறவை எலும்பும் கன்று, குட்டிகளின் எலும்பும் முதலில் போகும். வளர்ந்த மாட்டின் தாடையும் பல்லும் கடைசியில் போகும். ஆகவே மாட்டுப் பல் மட்டும் கிடைத்த இடத்தில் மாடு மட்டுமே இருந்தது என்று எழுதுவதும், எதுவும் கிடைக்காத இடத்தில் எதுவுமே இல்லை என்று எழுதுவதும் ஒரே தவற்றின் இரண்டு உருவம்.

எலும்பு போனாலும் மண் எல்லாவற்றையும் விட்டுவிடுவதில்லை. கரைந்த பாஸ்பேட்டைச் செம்மண்ணின் இரும்பும் அலுமினியமும் இறுகப் பிடித்துக்கொள்ளும். உழவருக்கு அது தொல்லை, ஏனென்றால் போட்ட உரம் பயிருக்குப் போய்ச் சேராது. குழியைப் படிக்கிறவருக்கோ அது சாட்சி. மண்ணின் பாஸ்பேட்டை அளந்து பழைய குடியிருப்புகளைக் கண்டுபிடிக்கலாம் என்று ஸ்வீடனில் ஓலோஃப் அர்ரேனியஸ் என்பவர் 1920களின் இறுதியிலேயே காட்டிவிட்டார். எங்கள் கன்றுக் குழியின் பழுப்புக் கறையையும் சற்றுத் தள்ளியிருந்த செம்மண்ணையும் தனித்தனியே வேதியியல் துறையில் கொடுத்துப் பார்த்தோம். கறைமண் சோதனைத் தாளில் அடர்நீலம் காட்டியது, மற்றது வெளிறிக் கிடந்தது. கன்று எங்கும் போகவில்லை, அந்த மண்ணிலேயேதான் இருந்தது.

அந்த அகழாய்வில் அடுப்புக் கரி கிடைத்ததாகக் கட்டுரை சொல்கிறது. அப்படியானால் அடுப்புச் சாம்பலை மெல்லிய சல்லடையில் நீர் விட்டுச் சலித்தார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள். நன்றாக எரிந்து வெளுத்த எலும்பில் நார் இருக்காது, தாதுவும் இறுகியிருக்கும். அமில மண்ணிலும் அது நகத்தளவுத் துணுக்காக நிற்கும், போதாக்குறைக்கு மரச்சாம்பலும் காரம்தான். எலும்பு இருந்ததா என்பதற்கு அந்த இடத்தில் முதலில் பார்க்க வேண்டியது அடுப்பைத்தான். மண்ணின் பி.எச். என்ன, பாஸ்பேட் பார்த்தார்களா, பல் எனாமல் துணுக்கு தேடினார்களா என்பதையும் கட்டுரையாளர் விசாரித்து எழுத வேண்டுகிறேன். அதுவரை அந்த வரியை, எலும்பு கிடைக்கவில்லை என்பதோடு நிறுத்தி, திருத்தமாக வெளியிட வேண்டும்.

தோண்டும் இளைஞர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு சொல். ஈர மண்ணிலிருந்து எடுத்த எலும்பைத் தயவுசெய்து வெயிலில் வைக்காதீர்கள் தம்பிகளே. நூறாண்டு மண்ணுக்குள் தாங்கியது ஒரு பகலில் பாளம் பாளமாக வெடிக்கும். நிழலில், ஒட்டிய மண்ணோடு, நாள்கணக்கில் மெல்லக் காயவிடுங்கள்.

அந்த நைலான் வலையும் மிஞ்சிய பத்துப் பல் உறைகளும் பஞ்சு வைத்த ஒரு டப்பாவில் என்னிடம் இருக்கின்றன. கட்டுரையாளர் பார்க்க விரும்பினால் தங்கள் அலுவலகத்துக்கே எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆய்வக உதவியாளர்